மருதாயியின் நாலாவது நாள்

மருதாயி: கெழவி உக்காந்திருக்கான்னே எழுது.

விஜயன்: ஆறு மணிக்கும் அதைத்தானுங்கக்கா எழுதினேன்.

மருதாயி: அப்ப ஏழு மணிக்கு, எந்திரிச்சு ஒரு ஆட்டம் ஆடிட்டு மறுபடியும் உக்காந்துட்டான்னு எழுது. தொர படிச்சுக் கொஞ்சம் சந்தோசப்படட்டும்.

விஜயன்: சிரிக்காதீங்க. மருதாயி என்ன பண்ணுது, யாருகூடப் பேசுது, வாயில என்ன போடுது... மணிக்கு மணி இந்த நோட்டுல இருக்கோணும்னு கண்டிசனாச் சொல்லியிருக்காரு. ஒரு பருக்கை உள்ள போனாலும் போட்டோ புடிக்கோணுமாம்.

மருதாயி: உன் போனுல எடுத்தா எல்லாம் பனி மாதிரித்தானே வரும்.

விஜயன்: இந்தப் பனியில யாரு போனுல எடுத்தாலும் அப்படித்தானுங்க வரும்.

மருதாயி: அறுபத்திரெண்டு வயசுப் பொம்பள ஒருத்தி. பூட்டுன கேட்டுக்கு முன்னாடி பாயப் போட்டு நாலு நாளாப் பட்டினி கெடக்கா. அவளுக்குக் காவலா ஒரு வாச்சர், ஒரு நோட்டு, ஒரு பேனா... காந்தியக் கூட வெள்ளக்காரன் இவ்வளவு நல்லாப் பாத்திருக்க மாட்டான்.

விஜயன்: அந்த மனுசன் திங்கக்கெழமை வாயத் தொறக்க மாட்டாருன்னு நீங்கதான படிச்சுக் காட்டுனீங்க. இன்னைக்குத் திங்கக்கெழமை. விடிஞ்சதுல இருந்து நிறுத்தாமப் பேசறீங்க.

மருதாயி: சோறும் இல்ல, தேத்தண்ணியும் இல்ல. பேச்சையும் விட்டுட்டா அப்புறம் என்னையத் தூக்கிட்டுப் போயிருவாங்க.

விஜயன்: அது அந்தப் பொஸ்தகத்துல இருக்குதுங்களா?

மருதாயி: அது நானாச் சொல்றது.

விஜயன்: அதென்ன பொஸ்தகமுங்க... அட்டையும் இல்ல, பேரும் இல்ல.

மருதாயி: எஸ்டேட் பள்ளிக்கூடத்த மூடுனப்ப பீரோவுல கெடந்தது. படிக்கறவங்க யாராச்சும் எடுத்துக்கங்கன்னு கனகமணி டீச்சர் சொல்லிட்டுப் போனாங்க. நம்ம தபித்தாளு இருக்காளே, பக்கத்து ஊடு... அவ பைபிளுன்னு நெனச்சுத் தூக்கிட்டு வந்துட்டா. பிரிச்சுப் பாத்தா காந்தி. என் தலையில கட்டிட்டா.

விஜயன்: போராட்டம் பண்ணுனாரு, ஜெயிலுக்குப் போனாரு, சுதந்திரம் வாங்குனாரு. அது நானும் படிச்சதுதானுங்களே.

மருதாயி: இதுல அதெல்லாம் கொஞ்சந்தான். இது அவரு மனசோட கத. எப்ப பயந்தாரு, எப்ப பொய் சொன்னாரு, சொல்லிட்டு எப்பிடித் தூக்கம் வராமக் கெடந்தாரு... முழுக்க அதான்.

விஜயன்: அவரு பொய் சொன்னாருங்களா?

மருதாயி: உனக்கு அதக் கேட்டா ஆறுதலா இருக்கு போல.

விஜயன்: இல்லீங்க... சும்மா கேட்டேன்.

மருதாயி: சின்ன வயசுல அண்ணன் கைக்காப்புல இருந்து துளித் தங்கத்த வெட்டி எடுத்துட்டாரு. யாருக்கும் தெரியாது. ஆனா மனசு கேக்கல. நேர்ல சொல்லப் பயம். ஒரு சீட்டுல எழுதி அப்பா கையில குடுத்துட்டு முன்னாடி உக்காந்துட்டாரு.

விஜயன்: அடி விழுந்துச்சுங்களா?

மருதாயி: அதான் இல்ல. அப்பாக்காரரு ஒடம்பு சரியில்லாமப் படுத்திருக்காரு. எந்திரிச்சு உக்காந்து படிச்சாரு. கண்ணுல தண்ணி. அப்புறம் சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டுப் படுத்துக்கிட்டாரு.

விஜயன்: எங்கப்பனா இருந்தா சீட்ட உட்டுட்டு என்னையக் கிழிச்சிருப்பாரு.

பாலாமணி: காலங்காத்தால யாரு யாரைக் கிழிக்கறது?

மருதாயி: வா பாலாமணி. உன் ஊட்டுக்காரரு என்னையப் பத்தி நோட்டு நோட்டா எழுதித் தள்றாரு.

பாலாமணி: இவரா? கண்ணாலமாகி முப்பது வருசத்துல எனக்கு ஒரு கடுதாசி எழுதுனதில்லீங்கக்கா. ஏனுங்க, உங்க டப்பா இந்தாங்க. உப்புமா. நேத்து மாதிரி அப்படியே திருப்பிக் கொண்டாந்தீங்கன்னா நாளைக்கு அடுப்பே பத்த வெக்க மாட்டேன்.

விஜயன்: பசியில்லீன்னு சொன்னனில்ல.

பாலாமணி: மூணு நாளாப் பசியில்லையாமுங்க. பட்டினி கெடக்கறது நீங்க, எளைக்கறது இவரு.

மருதாயி: அப்படியா சங்கதி.

விஜயன்: நீ பஸ்ஸுக்குப் போ. நேரமாகுது.

பாலாமணி: போறனுங்க. எட்டேகால் பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே கெளம்ப வேண்டியதா இருக்குது. இந்தக் கேட்டைத் தாண்டுனா ரோடு. அதை உட்டுப்போட்டு மேட்டு லயத்து ஊடுகளைச் சுத்தி ரெண்டு மைல். சேரம்பாடி போயிக் கடையக் கூட்டிப் பெருக்கறதுக்குள்ள முட்டி தனியாக் கழண்டு வருது.

மருதாயி: போன மாசம் வரைக்கும் எட்டு மணிக்குத்தானே கெளம்புவ?

பாலாமணி: அது... நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னாருங்க.

மருதாயி: முட்டி வலிக்கா நடக்கச் சொன்னாரு?

பாலாமணி: சர்க்கரைக்குங்க.

மருதாயி: உனக்குச் சர்க்கரை இருக்கா? சொல்லவே இல்ல.

பாலாமணி: ...நான் வாரனுங்கக்கா. பத்து மணிக்குத் தாசில்தார் வர்றாராமா. நல்லபடியா முடியட்டும். நீங்க ஒரு வாய்க் கஞ்சி குடிச்சாத்தான் இவரும் சாப்புடுவாரு போல இருக்குது.

விஜயன்: பாத்துப் போ. வழியில அட்டைப்பூச்சி கெடக்கும்.

மருதாயி: நல்ல பொண்ணு. பொய் சொல்லத் தெரியல.

விஜயன்: என்ன பொய்யுங்க?

மருதாயி: சர்க்கரைன்னு சொல்லுது. என் லயத்துக்கு வந்தா ரெண்டு கரண்டி சீனி போட்டுத்தான் தேத்தண்ணி கேக்கும்... சரி, நீ டப்பாவத் தொற. நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கறேன்.

விஜயன்: வேண்டாமுங்க.

மருதாயி: கருவேப்பிலை தாளிச்சிருக்கா. நாலு நாளைக்கு அப்புறம் மூக்கு நல்லா வேல செய்யுது. மூக்குக்கு விரதம் கெடையாதுல்ல?

விஜயன்: மூக்கைப் பத்தித் தொர ஒண்ணுஞ் சொல்லலீங்க.

மருதாயி: அப்ப அதையும் எழுதிக்க. ஏழேகால், உப்புமா மோந்து பாத்தான்னு... என்னாப்பா, சிரிக்கவே மாட்டேங்கற?

விஜயன்: சிரிச்சனுங்களே.

மருதாயி: உதடு மட்டுந்தான் அசஞ்சுச்சு. ஆமா, தாசில்தாரு வந்தா உன் நோட்டக் கேப்பாருல்ல?

விஜயன்: கேப்பாருங்க. அதுக்குத்தான எழுதறதே. நெசமாவே பட்டினி கெடக்குதா, இல்ல ஒளிச்சு மறைச்சுத் திங்குதான்னு தொர காட்டோணுமில்லீங்க. ஆனா நோட்டு சுத்தமா இருக்குது. தண்ணி, தண்ணி, பொஸ்தகம், தூக்கம். இதைப் பாத்தா தாசில்தார் உங்க பக்கந்தான் பேசுவாருன்னு ஆபீஸ்லயே சொல்றாங்க. பகல்ல பூட்டக்கூடாது, சாவி ஒண்ணு லயத்துல இருக்கோணும்... நீங்க கேட்டது அப்படியே கெடைச்சிரும்.

மருதாயி: சனிக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு என்னா எழுதியிருக்க?

விஜயன்: எதுக்குங்க?

மருதாயி: படியேன்.

விஜயன்: "ஐந்து மணி. உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் குடித்தார்."

மருதாயி: அதுக்கடுத்தது?

விஜயன்: "ஆறு மணி. உட்கார்ந்திருக்கிறார். புத்தகம்."

மருதாயி: நடுவுல ஒண்ணு விட்டுப் போச்சு.

விஜயன்: ஒண்ணும் உட்டுப் போகலீங்க.

மருதாயி: அஞ்சரைக்கு ரோட்டுல ஒரு காரு நின்னுச்சு. வெளியூர்க்காரங்க. போட்டோ எடுக்க எறங்குனாங்க.

விஜயன்: சனிக்கெழமைன்னா ஆயிரம் காரு நிக்குமுங்க. அந்தப் பக்கம் ரிசார்ட் வந்ததுல இருந்து...

மருதாயி: அதுல ஒரு அம்மா, கம்பிக்கு நடுவுல கைய விட்டு ஒரு பன்னு நீட்டுச்சு. கேட்டுக்கிட்ட பாய விரிச்சு உக்காந்திருக்கறவ பிச்சக்காரிதான்னு நெனச்சிருச்சு. அது மூஞ்சியில அவ்வளவு எரக்கம்.

விஜயன்: வாங்கலீன்னா அந்தம்மா மனசு நோகுமில்லீங்க. வாங்குனது ஒரு தப்பா.

மருதாயி: வாங்குனது தப்பில்ல. தின்னேன். பாதி. மீதியக் குருவிக்குப் போட்டேன். நடுவுல க்ரீம் வெச்ச பன்னு. கடலுக்கு அந்தப் பக்கம் எங்க ஊருல பாணுன்னு ரொட்டி தின்னுருக்கேன், இங்க வந்து எவ்வளவோ பன்னு தின்னுருக்கேன்... நாக்குல பட்டதும் கண்ணு இருட்டுற மாதிரி ஒரு ருசி எதுலயும் இருந்ததில்ல.

விஜயன்: நான் பாக்கலீங்க.

மருதாயி: பாத்த.

விஜயன்: இல்லீங்க, நான் அப்ப டார்ச்சத் தொடைச்சுட்டு...

மருதாயி: டார்ச்ச யாரும் அவ்வளவு நேரம் தொடைக்க மாட்டாங்க விஜயா. அது என்னா, வெள்ளிச் சாமானா?

விஜயன்: ...பாத்தனுங்க.

மருதாயி: ஏன் எழுதல?

விஜயன்: எழுதத் தோணலீங்க. அவ்வளவுதான்.

மருதாயி: இப்ப எழுது.

விஜயன்: ஏனுங்கக்கா... தாசில்தார் வர்றதுக்கு மூணு மணி நேரங்கூட இல்ல. எனக்குந் தெரியும், உங்களுக்குந் தெரியும். குருவி வந்து சாட்சி சொல்லாது. உடுங்க.

மருதாயி: எழுது தம்பி.

விஜயன்: நேத்து நீங்கதான படிச்சீங்க? பால் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுனாரு. ஒடம்பு சொகமில்லாமப் போயிச் சாகக் கெடக்கறப்ப, நீங்க மாட்டுப்பாலையும் எருமைப்பாலையும் நெனச்சுத்தான சத்தியம் பண்ணுனீங்க, ஆட்டுப்பால் குடிக்கலாமேன்னு சம்சாரம் சொன்னாங்க. குடிச்சாரு. அவரே குடிச்சாரு. நீங்களும் சோறு திங்க மாட்டேன்னுதான சொன்னீங்க. பன்னு என்ன சோறா?

மருதாயி: நீ வாச்சரா வந்திருக்கக் கூடாது. கோர்ட்டுக்குப் போயிருக்கணும்.

விஜயன்: நான் நாயத்தத்தானுங்க சொல்றேன்.

மருதாயி: சரி, அந்த ஆட்டுப்பாலு சங்கதி உனக்கு எப்பிடித் தெரியும்?

விஜயன்: பொஸ்தகத்துல இருக்குது.

மருதாயி: பொஸ்தகத்துக்கு எப்பிடித் தெரியும்? அவரே சொன்னாரு. நான் செஞ்சது சரியில்ல, வார்த்தையக் காப்பாத்திட்டு மனசத் தொலைச்சிட்டேன்னு அவரே ஊரறியச் சொன்னாரு. சொல்லாம இருந்திருந்தா அந்த ஊட்டுச் சொவத்துக்குள்ளயே போயிருக்கும். குடிச்சதப் பாக்காத விஜயா, சொன்னதப் பாரு.

விஜயன்: அவரு பெரிய மனுசருங்க. அவரு சொன்னா ஊரே கையெடுத்துக் கும்புடும். நீங்க சொன்னா, பாத்தீங்களா கெழவி திருட்டுத்தனமாத் தின்னுருக்குதுன்னு தொர கை தட்டுவாரு. தாசில்தார் ஜீப்புல ஏறிப் போயிருவாரு. கேட்டு பூட்டுனது பூட்டுனபடியே கெடக்கும். தபித்தாளக்காவுக்காகத்தான உக்காந்தீங்க? அவங்களுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?

மருதாயி: ...அவளுக்கா? அவதான் இப்ப என்னையவிடப் பெரிய விரதக்காரி. வாதம் வந்து வாயடைச்சதுல இருந்து எல்லா நாளும் திங்கக்கெழமதான் அவளுக்கு. காலையில நாலு மணிக்கெல்லாம் பாட்டுப் பாடி லயத்தையே எழுப்பி விடுவா. நாப்பது வருசமா அவகூட அதுக்குச் சண்ட போட்டேன். இப்ப அமைதியா இருக்குது, எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது.

விஜயன்: பேச்சு வந்துருமுன்னு டாக்டர் சொன்னாராமில்லீங்க.

மருதாயி: பேச்சு வந்தாலும் வரும். வலது கை வராது. கொழுந்து கிள்ற கை. ரெண்டு கையிலயும் அவ கிள்றதப் பாத்தா கோழி கொத்துற மாதிரி இருக்கும்... அரை மணி முன்னாடி கொண்டாந்திருந்தா கை தப்பிச்சிருக்கும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அரை மணி... சரி, நோட்ட எடு.

விஜயன்: எடுத்தனுங்க.

மருதாயி: சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி. அரை பன் சாப்பிட்டார்.

விஜயன்: "...அரை பன் சாப்பிட்டார்."

மருதாயி: க்ரீம் பன்னுன்னு எழுது.

விஜயன்: எதுக்குங்க அது?

மருதாயி: வெறும் பன்னுன்னா பசிக்குத் தின்னான்னு நெனப்பாங்க. நான் ருசிக்கும் தின்னேன்.

விஜயன்: "...அரை க்ரீம் பன்." ஆச்சுங்களா?

மருதாயி: குடு. அடியில பேரு எழுதறேன்... ம்ம். எழுத்து கோணுது, பாரு, மருதாயின்னு எழுதுனா மருதமலைன்னு வருது.

விஜயன்: சாமி பேருதான, இருந்துட்டுப் போகட்டுமுங்க.

மருதாயி: மறைச்சு வெச்ச நாளெல்லாம் கணக்குல சேராது. இன்னைக்குத்தான் ஒண்ணாவது நாளு.

விஜயன்: ஒண்ணாவது நாளா? இன்னும் நாலு நாளு உங்க ஒடம்பு தாங்குமாக்கா?

மருதாயி: பாப்போம்.

விஜயன்: அரை பன்னுக்குப் போயி...

மருதாயி: பனி வெலகுது பாரு. வெயிலு வரும் போல... என்னாப்பா, எட்டு மணி ஆகப் போகுது, எழுதலையா?

விஜயன்: ஏனுங்கக்கா.

மருதாயி: சொல்லு.

விஜயன்: ஒண்ணு சொன்னா... நீங்க என்ன வேணாலும் பண்ணிக்குங்க. ஆனா முழுசாக் கேட்டுப்போட்டுப் பண்ணுங்க.

மருதாயி: உப்புமா வேணுமான்னு கேக்கப் போறியா?

விஜயன்: இல்லீங்க. போன மாசம்... தபித்தாளக்கா கொழுந்து மலையில விழுந்துட்டாங்கன்னு கம்பளியில போட்டு, நீங்க நாலு பொம்பளைங்களும் நாலு முனையப் புடிச்சுத் தூக்கிட்டு வந்தீங்களே. மத்தியானம் ரெண்டேகால் மணி.

மருதாயி: ம்.

விஜயன்: ஆம்புலன்ஸ் ரோட்டுல நிக்குது. நடுவுல இந்தக் கேட்டு. பத்தடி ஒசரம், ரெண்டு பக்கமும் கரண்டு வேலி. சாவி பங்களாவுல இருக்குது, ஓடிப் போயி வாங்கிட்டு வாரேன்னு நான் ஓடுனேன்.

மருதாயி: ஓடுன.

விஜயன்: திரும்பி வந்து, பங்களாவுல யாரும் கதவத் தொறக்கலீங்க, சுத்திப் போயிருங்கன்னு சொன்னேன்.

மருதாயி: சொன்ன.

விஜயன்: நான் பங்களாவுக்குப் போகலீங்கக்கா.

மருதாயி: போகல.

விஜயன்: அந்த வளைவுக்கு அந்தாண்ட சில்வர் ஓக் மரம் இருக்குதில்லீங்க. அதுக்குப் பின்னால நின்னுட்டேன். பங்களாவுக்குப் போயி வர எவ்வளவு நேரமாகும்னு நெனச்சனோ அவ்வளவு நேரம். வெயில்ல ஓடுனாப்ல தெரியோணும்னு மூஞ்சிய வேற அழுத்தித் தொடைச்சுக்கிட்டேன்.

மருதாயி: ஏன்?

விஜயன்: என்கிட்ட சாவி இருந்துச்சுங்க. ரெண்டாவது சாவி. பழைய தொர, யானை கீனை வந்தா அவசரத்துக்கு இருக்கட்டும்னு எங்கிட்டக் குடுத்திருந்தாரு. இந்தத் தொர வந்து ரிசார்ட் ஆரம்பிச்சதும், இந்த வழியா யாரும் போகக்கூடாது, சாவியெல்லாம் ஒப்படைங்கன்னாரு. ஒரே சாவிதானுங்க இருக்குதுன்னு சொல்லி ஒண்ணக் குடுத்துட்டேன்.

மருதாயி: மத்தது?

விஜயன்: பாலாமணிக்கு வெச்சுக்கிட்டேன். முட்டி வலியோட ரெண்டு மைல் சுத்துதேன்னு. தெனமும் எட்டு மணிக்கு யாரும் பாக்காதப்ப தொறந்து உடுவேன். சாயங்காலம் தொறந்து உடுவேன். தபித்தாளக்கா விழுந்ததுக்கு முந்தின வாரந்தான் மேல் கேட்டு வாச்சர் சுடலை, பால் வண்டிக்குத் தொறந்து உட்டான்னு தொர அன்னைக்கே வேலைய விட்டு அனுப்புனாரு. எனக்கு ரிட்டையர் ஆக ஒரு வருசங்கூட இல்ல. சாவியை எடுத்தா, இது எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. வேல போயிரும், ஊட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க... இதெல்லாம் அப்ப நெனச்சேன். அந்தக்கா வாய் கோணி, எச்சில் வழிஞ்சு கெடக்குது. நான் இதை நெனச்சுட்டு நிக்கறேன். எம்பொண்டாட்டி பஸ்ஸுக்குத் தொறந்த கேட்டுங்க. தபித்தாளக்காவுக்குத் தொறக்கல.

மருதாயி: பாலாமணிக்குத் தெரியுமா?

விஜயன்: தெரியாதுங்க. அன்னைல இருந்து அதுக்கும் தொறக்கறதில்ல. சாவி தொலைஞ்சு போச்சு, யாரு கேட்டாலும் இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே சொல்லாதேன்னேன். டாக்டரு, சர்க்கரைன்னு அது பாட்டுக்கு உளறுது.

மருதாயி: சாவி எங்க?

விஜயன்: இங்கதானுங்க. பெல்ட்டுக்கு உள்பக்கம். அன்னைக்கும் இங்கதான் இருந்துச்சு. நீங்க இங்க வந்து உக்காந்ததுல இருந்து சோறு எறங்க மாட்டேங்குது. குனிஞ்சா வயித்துல குத்துது. திட்டுங்கக்கா.

மருதாயி: என்னாத்தத் திட்டுறது.

விஜயன்: நாலு வார்த்தை கேளுங்க. லயத்துல எல்லாத்தையும் கூப்புட்டுச் சொல்லுங்க. நீங்க திட்டாம இருக்கறதுதான் எனக்குத் தாங்கல... சரி, நானே தாசில்தார்கிட்ட சொல்லிப்போடறேன். நோட்டுலயும் எழுதிப்போடறேன். நீங்க அரை பன்னுக்கு எழுதச் சொன்னீங்க. இது அதுக்கு எத்தனை மடங்கு.

மருதாயி: எங்க எந்திரிச்சுப் போற?

விஜயன்: இருங்க.

மருதாயி: விஜயா... யாரு தொறக்கச் சொன்னது?

விஜயன்: யாருஞ் சொல்லலீங்க.

மருதாயி: தொர வந்து கேட்டா?

விஜயன்: நான்தான் தொறந்தேன்னு சொல்றேன்... சாவி திரும்புதுங்க. இத்தனை நாளுக்கும் லேசாத்தான் திரும்புது, பாருங்க. ரெண்டு விரலு போதும்.

மருதாயி: சத்தம் வருது.

விஜயன்: கீலுக்கு எண்ணெய் போடோணும். போதுங்களா?

மருதாயி: இன்னுங் கொஞ்சம் தள்ளு. ஆம்புலன்சு நொழையணும்ல.

விஜயன்: ஆச்சுங்க. இப்ப லாரியே நொழையும்... எந்திரிங்கக்கா. கேட்டு தொறந்தாச்சு. இனி யாரு சொன்னாலும் நான் பூட்ட மாட்டேன். என்னைய வேலைய விட்டு அனுப்பி வேற ஆளு போட்டாலும், லயத்துல அத்தனை பேரும் சும்மா இருப்பாங்களா? ஒரு வாய் உப்புமா தின்னுங்க. கைய நீட்டுங்க, தூக்கி உடறேன்.

மருதாயி: இரு.

விஜயன்: ஏனுங்க? கேட்டுக்காகத்தான உக்காந்தீங்க? அதுதான் தொறந்தாச்சே. இன்னும் எதுக்குங்க பட்டினி?

மருதாயி: கேட்டுக்குன்னுதான் ஊருக்குச் சொன்னேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒருநாளு, காலையில வெறகுக்கு வந்தப்ப, நீ உன் பொண்டாட்டிக்குத் தொறந்து விடறத அந்தப் பொதருகிட்ட நின்னு பாத்தேன். பாவம், முட்டி வலிக்காரின்னு யாருகிட்டயும் சொல்லல. அன்னைக்குத் தபித்தாளத் தூக்கிட்டு வந்து இங்க நிக்கறப்ப சாவி உன் இடுப்புல இருக்குன்னு எனக்குத் தெரியும் விஜயா. நீ பங்களாவுக்குன்னு ஓடுறப்பவும் தெரியும். சரி, வேலைக்குப் பயந்து அந்தப் பக்கமாப் போயி, பங்களாவுல வாங்குன மாதிரி எடுத்துட்டு வருவான்னு நெனச்சு வாயத் தொறக்காம நின்னேன். வெறுங்கையோட வந்த. அப்பயாச்சும், எடுடா சாவியன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். நாலு பேருக்கு முன்னாடி உன்னையக் காட்டிக் குடுக்க மனசு வரல, கம்பளி முனையப் புடிச்சுக்கிட்டுச் சுத்து வழியில நடந்துட்டேன். அந்த வாயத்தான் பட்டினி போட்டிருக்கேன். இத தபித்தாளுகிட்ட சொல்லத் தைரியம் இல்லாமத்தான் அவ மூஞ்சியப் பாக்காம இங்க வந்து உக்காந்துட்டேன்... இப்ப கையக் குடு. தாசில்தாரு வர இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு, அதுக்குள்ள லயத்துக்கு அவகிட்டப் போயிட்டு வந்திரலாம். முதல்ல நான் சொல்றேன், அப்புறம் நீ சொல்லு.